பழைய இயந்திரத்துக்குப் புதிய தொகுப்பி: மாற்றத்திற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

கணினி வாங்கச் செல்பவர் கடையில் என்னென்ன கேட்பார்? நினைவகம் எவ்வளவு, வன்தட்டு எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, கடைசி விலை எத்தனை ரிங்கிட். விவரம் தெரிந்தவராக இருந்தால் எந்த இயங்குதளம் என்றும் கேட்பார். அந்த இயங்குதளம் எந்தத் தொகுப்பியைக் கொண்டு உருவாக்கப்பட்டது என்று கேட்பவரைக் காண்பது அரிது. கடைக்காரருக்கும் அதற்கு விடை தெரிந்திருக்காது.

ஆனால், வாங்கிய கணினி இன்னும் எத்தனை காலம் பயன்படும், அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வருமா, புதிய மென்பொருள்கள் அதில் இயங்குமா என்பனவற்றை முடிவு செய்வதில் இந்தத் தொகுப்பிக்குப் பெரும் பங்குண்டு. பல வகை இயந்திரங்களில் இயங்கும் திறந்த மூல இயங்குதளங்களில் தொகுப்பியை மாற்றுவது ஏன் அவ்வளவு சிக்கலான வேலையாக இருக்கிறது? ஒரு மாற்றத்தால் சில இயந்திரங்கள் பிழைப்பதும் சில கைவிடப்படுவதும் ஏன்? இவற்றைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தொகுப்பி செய்யும் வேலை

நிரலாளர் எழுதுவது ஆங்கிலச் சொற்களும் கணிதக் குறிகளும் கலந்த மூலநிரல். கணினியின் செயலிக்கோ எண்களாலான கட்டளைகள் மட்டுமே புரியும். மூலநிரலைச் செயலியின் கட்டளையாக மாற்றித் தரும் மென்பொருளே கம்பைலர் எனப்படும் தொகுப்பி.

நமது நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் இருப்பதைப் பலரும் அறிவர். தமிழில் சாட்சி சொல்பவரின் பேச்சை அவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ நீதிபதிக்குச் சொல்வார். தொகுப்பியின் வேலையும் அது போன்றதே. சாட்சி தெளிவாகப் பேசினால் எந்த மொழிபெயர்ப்பாளர் வந்தாலும் பொருள் மாறாது. சாட்சி, "அவன் கொடுத்தான்" என்று மட்டும் சொல்லி யார், யாருக்கு, எதை என்பதைச் சொல்லாமல் விட்டால்தான் சிக்கல். பழகிய மொழிபெயர்ப்பாளர் இன்னதைத்தான் சொல்ல வருகிறார் என்று தாமே ஊகித்து நிரப்பிவிடுவார். புதிதாக வந்தவர் வேறு விதமாக ஊகிக்கலாம். தெளிவாகச் சொல்லுங்கள் என்று சாட்சியை நிறுத்தியும் வைக்கலாம். சாட்சியின் சொற்கள் மாறவில்லை; வழக்கின் போக்கு மாறிவிடுகிறது.

மூலநிரலிலும் இப்படித் தெளிவில்லாத இடங்கள் ஏராளம். பழைய தொகுப்பி அவற்றைக் கண்டும் காணாமல் விட்டிருக்கும். புதிய தொகுப்பி வரும் நாளில்தான் அவை வெளியே தெரிகின்றன.

உறை மோரும் முதல் தொகுப்பியும்

தொகுப்பியும் ஒரு மென்பொருள்தான். அப்படியானால் அதை எது தொகுத்துத் தருகிறது என்ற கேள்வி எழுவது இயல்பு. முந்தைய தொகுப்பிதான் தொகுத்துத் தருகிறது. நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலில் உறை ஊற்றுவது போன்றதே இது.

உலகின் பெரும்பாலான திறந்த மூல மென்பொருள்களுக்கு அடித்தளமாக இருப்பது ஜிசிசி என்னும் தொகுப்பி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்டது. அதன் புதிய பதிப்பை உருவாக்கும்போது மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் பழைய தொகுப்பி புதியதைத் தொகுக்கிறது. அப்படிக் கிடைத்த புதிய தொகுப்பி, தன் மூலநிரலைத் தானே இரண்டாவது முறை தொகுக்கிறது. அதிலிருந்து கிடைத்தது மூன்றாவது முறையும் தொகுக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் வேலை சரி என்று கொள்ளப்படும். வேறுபட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

உறை மோர் கெட்டிருந்தால் அதிலிருந்து வரும் எல்லாத் தயிரும் கெடும் அல்லவா? யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் இதைத்தான் விளக்கினார். அந்த உரை 1984இல் அச்சில் வெளிவந்தது. தொகுப்பிக்குள் ஒருவர் இரகசியக் கதவை ஒளித்து வைத்தால், அது அடுத்தடுத்த தொகுப்பிகளுக்கும் தானாகவே பரவும். மூலநிரலைப் படித்துப் பார்ப்பவருக்கு அதன் தடயமே தெரியாது. தொகுப்பியை மாற்றுகிறோம் என்றால் ஒரு கருவியை மட்டும் மாற்றவில்லை. அதன் மீது கட்டப்பட்ட அனைத்தின் நம்பகத்தையும் கையில் எடுக்கிறோம்.

தொகுப்பியையும் சேர்த்துத் தரும் இயங்குதளம்

1993இல் தொடங்கப்பட்ட நெட்பிஎஸ்டி என்னும் இயங்குதளம் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை இயந்திரங்களில் இயங்கக்கூடியது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் மேசைக் கணினி முதல், 1977இல் அறிமுகமான வாக்ஸ் குடும்பத்து இயந்திரங்கள், 1980களின் அமிகா, பழைய மெக்கிண்டாஷ் வரை அதன் பட்டியல் நீளும். ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி ஆகியவை அதன் உறவினங்கள். லினக்ஸ் குடும்பத்தில் டெபியன் இதே போல் பல வகைச் செயலிகளுக்கு வெளியிடப்படுகிறது.

பிஎஸ்டி குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இயங்குதளத்தின் மூலநிரலோடு தொகுப்பியின் மூலநிரலும் ஒரே கிடங்கில் சேர்த்து வைக்கப்படும். நெட்பிஎஸ்டியைத் தொகுக்க வேண்டுமானால், கையில் இருக்கும் ஏதாவது ஒரு கணினியில் ஒரே கட்டளையைக் கொடுத்தால் போதும். அது முதலில் தொகுப்பியை உருவாக்கும். பிறகு அந்தத் தொகுப்பியைக் கொண்டு முழு இயங்குதளத்தையும் வேறொரு வகை இயந்திரத்துக்காகக் கட்டித் தரும். மடிக்கணினியில் உட்கார்ந்தபடியே முப்பது ஆண்டு பழைமையான இயந்திரத்துக்கு இயங்குதளம் தயாரிக்கலாம். யார் கட்டினாலும் அனைவர் கையிலும் ஒரே தொகுப்பி இருப்பதால் விளைவும் ஒன்றாக இருக்கும்.

இந்த வசதிக்கு ஒரு சுமையும் உண்டு. தொகுப்பியின் அடுத்த பதிப்பு வரும்போது அதை ஐம்பது வகை இயந்திரங்களுக்கும் சரிபார்த்துச் சேர்க்கும் பொறுப்பு இயங்குதளக் குழுவின் தலையில் விழுகிறது.

மாற்றாமலே இருந்தால் என்ன?

நன்றாக ஓடுகிற ஒன்றை ஏன் தொட வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால் மாற்றாமல் இருப்பதற்கும் விலை உண்டு.

முதலாவது, புதிய செயலிகளைப் பழைய தொகுப்பிக்குத் தெரியாது. ரிஸ்க்-வி என்னும் திறந்த செயலி வடிவமைப்பு 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதை அடிப்படையாகக் கொண்டு சென்னை ஐஐடி உருவாக்கி வருவதே சக்தி செயலி. பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழுவின் முயற்சி அது. சக்தி சில்லுகள் 2018இல் தயாராகி வெளிவந்தன. ரிஸ்க்-வி செயலிக்கான ஆதரவு ஜிசிசி தொகுப்பியின் அதிகாரபூர்வப் பதிப்பில் முதன்முதலில் இடம்பெற்றது 2017இல்தான். அதற்கு முந்தைய தொகுப்பியை மட்டும் வைத்திருக்கும் இயங்குதளம், சக்தி போன்ற செயலியின் பக்கமே போக முடியாது. டெபியன் தனது 13ஆம் பதிப்பில், அதாவது 2025 ஆகஸ்டில்தான், ரிஸ்க்-வி செயலியை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது, பாதுகாப்பு. நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதி கணினியைக் கைப்பற்றுவது ஊடுருவிகளின் பழைய தந்திரம். அதைக் கண்டதும் நிரலை நிறுத்திவிடும் காவல் வேலையைத் தொகுப்பியே தானாகச் சேர்த்துத் தர முடியும். ஓப்பன்பிஎஸ்டி 2003இலேயே இதைத் தன் தொகுப்பியில் இணைத்துப் பயன்படுத்தியது. ஜிசிசியின் பொதுப் பதிப்பில் 2006இல் வந்தது. புதிய காவல்கள் பெரும்பாலும் புதிய தொகுப்பியோடுதான் வருகின்றன.

மூன்றாவது, மற்றவர்கள் காத்திருக்க மாட்டார்கள். இணைய உலாவி போன்ற பெரிய மென்பொருள்கள் மொழியின் புதிய இலக்கணத்தில் எழுதப்படுகின்றன. பழைய தொகுப்பிக்கு அந்த இலக்கணம் புரியாது. இயங்குதளம் நன்றாக இருந்தும் அதில் ஓட்ட உலாவி இல்லை என்ற நிலை வந்துவிடும்.

மாற்றினால் வரும் இடர்கள்

மாற்றினால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு நடந்த நிகழ்ச்சிகளே சாட்சி.

2000ஆம் ஆண்டில் ரெட் ஹேட் நிறுவனம் தனது லினக்ஸ் 7ஆம் பதிப்பில், ஜிசிசி குழு அதிகாரபூர்வமாக வெளியிடாத ஓர் இடைநிலைத் தொகுப்பியை 2.96 என்ற எண்ணோடு சேர்த்து வெளியிட்டது. அப்படி ஒரு பதிப்பை நாங்கள் வெளியிடவே இல்லை என்று ஜிசிசி வழிகாட்டுக் குழு அறிவிப்பு விட வேண்டியதாயிற்று. அதில் தொகுத்த சி++ நிரல்கள் அதற்கு முந்தைய பதிப்போடும் ஒத்துப்போகவில்லை. பின்னால் வந்த பதிப்போடும் ஒத்துப்போகவில்லை. லினக்ஸின் கருவைத் தொகுப்பதற்கென்று பழைய தொகுப்பியைத் தனியாக உடன் வைத்திருந்தார்கள். அவசரமாக மாற்றுவதன் விளைவு இது.

2009இல் வெளிப்பட்டது இன்னும் நுட்பமான சிக்கல். லினக்ஸ் கருவின் ஒரு பகுதியில், ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு பெட்டி இருக்கிறதா என்று சோதிப்பது போல் நிரல் எழுதப்பட்டிருந்தது. தொகுப்பி இப்படிக் கணக்கிட்டது: முன்பே திறந்தாயிற்று என்றால் பெட்டி இருந்தே ஆக வேண்டும், பிறகு எதற்குச் சோதனை? அந்தச் சோதனையைத் தேவையற்றது என்று நீக்கிவிட்டது. மொழியின் விதிப்படி தொகுப்பி செய்தது சரி. ஆனால் அந்தச் சோதனை நீங்கியதால் ஊடுருவிகளுக்கு வழி திறந்தது. அதன் பிறகு, இப்படிப்பட்ட சோதனைகளை நீக்காதே என்று தொகுப்பிக்குத் தனிக் கட்டளை கொடுத்தே லினக்ஸ் கருவைத் தொகுக்கிறார்கள்.

2015இல் டெபியன் குழு எதிர்கொண்டது வேறு வகைச் சிக்கல். ஜிசிசி 5ஆம் பதிப்பில், சி++ மொழியின் புதிய விதிக்கு இணங்க, எழுத்துத் தொடர்களை நினைவகத்தில் அடுக்கும் முறை மாறியது. பழைய முறையில் தொகுத்த நூலகமும் புதிய முறையில் தொகுத்த நிரலும் ஒன்றோடொன்று பேச முடியாது. எனவே பாதிக்கப்பட்ட நூலகங்களை எல்லாம் புதிதாகத் தொகுத்து, பழையவற்றோடு குழம்பாமல் இருக்கப் பெயரின் இறுதியில் ஒரு குறியும் சேர்த்தார்கள். அவற்றை நம்பியிருந்த நிரல்களையும் மறுபடி தொகுத்தார்கள். சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எனவே இத்தகைய மாற்றத்தின் நன்மை, தொல்லை இரண்டும் அதைப் பயன்படுத்துவோருக்கும் வந்து சேர்கின்றன.

2024 மே மாதம் வெளிவந்த ஜிசிசி 14, அறிவிக்கப்படாத செயற்கூறை நிரலில் அழைத்தால் முன்பு போல் எச்சரிக்கையோடு விடாமல் பிழை என்றே நிறுத்திவிடுகிறது. முன்பு சொன்ன நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஊகிப்பதை விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இருபது முப்பது ஆண்டுகளாகச் சிக்கலின்றித் தொகுக்கப்பட்டு வந்த பழைய நிரல்கள் பல அதன் பிறகுதான் திருத்தப்பட்டன.

உரிமத்தால் நின்றுபோன கடிகாரம்

தொழில்நுட்பம் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. சட்டமும் குறுக்கே வந்தது.

2007 ஜூனில் குனு பொது உரிமத்தின் மூன்றாவது பதிப்பு வெளிவந்தது. அதன் பின்னர் ஜிசிசியும் அந்த உரிமத்துக்கு மாறியது. ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி குழுவினருக்கு அந்த உரிமத்தின் கூடுதல் நிபந்தனைகள் ஏற்புடையனவாக இல்லை. எனவே பழைய உரிமத்தில் வந்த கடைசிப் பதிப்பான 4.2.1இலேயே நின்றுவிட்டார்கள். அது வெளிவந்தது 2007இல். உலகம் முன்னே நகர, இயங்குதளத்தின் அடிப்படைத் தொகுப்பி அதே இடத்தில் நின்றது.

மாற்று வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் பேராசிரியர் விக்ரம் அட்வேயும் 2000இல் தொடங்கிய எல்எல்விஎம் என்னும் ஆய்வுத் திட்டத்தின் மீது கிளாங் என்ற புதிய தொகுப்பி வளர்ந்தது. அதன் உரிமம் பிஎஸ்டி குழுவினருக்கு உகந்ததாக இருந்தது. 2014 ஜனவரியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 10, மேசைக் கணினிச் செயலிகளுக்குக் கிளாங்கை இயல்பான தொகுப்பியாக ஏற்றது. ஓப்பன்பிஎஸ்டி 2017இல் அதே வழியில் சென்றது.

எல்லாச் செயலிகளுக்கும் அந்த வழி திறக்கவில்லை. கிளாங்கின் ஆதரவு போதிய அளவு இல்லாத செயலிகள் பழைய 4.2.1 தொகுப்பியையே பிடித்துக்கொண்டிருந்தன. ஃப்ரீபிஎஸ்டி குழு பல முறை முன்னறிவிப்புச் செய்தபின், 2020 பிப்ரவரியில் அந்தப் பழைய தொகுப்பியை நீக்கியது. பவர்பிசி செயலிக்கு ஆதரவாளர்கள் முன்கூட்டியே உழைத்துக் கிளாங்குக்கு மாற்றிக் கொடுத்திருந்ததால் அது பிழைத்தது. சன் நிறுவனத்தின் ஸ்பார்க்64 செயலிக்கு அப்படி உழைக்கப் போதிய ஆள் இல்லை; அதே மாதத்தில் அது கைவிடப்பட்டது. அந்த இயந்திரங்கள் பழுதாகவில்லை. அவற்றுக்குப் புதிய தொகுப்பி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நெட்பிஎஸ்டி வேறு முடிவு எடுத்தது. புதிய உரிமத்தோடு வந்த ஜிசிசியைத் தனி அடைவில் வைத்து ஏற்றுக்கொண்டது. பழைய இயந்திரங்களை விடாமல் வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். அந்த இயந்திரங்களில் பலவற்றை அறிந்த தொகுப்பி ஜிசிசி ஒன்றே. இரு தரப்பு முடிவுகளிலும் நியாயம் உண்டு. ஒரு தரப்பு உரிமத்தின் எளிமையைக் காத்தது. மற்றது இயந்திரங்களைக் காத்தது.

கெடு வைத்தபோது காப்பாற்றியவர்கள்

பழைய இயந்திரங்களுக்கு அடுத்த சோதனை ஜிசிசிக்கு உள்ளேயே காத்திருந்தது.

இரண்டு எண்களை ஒப்பிட்டால், எது பெரியது என்ற விடையைச் செயலி ஒரு சிறிய குறிப்புப் பலகையில் எழுதி வைக்கும். அடுத்த கட்டளை அந்தப் பலகையைப் பார்த்து முடிவெடுக்கும். இடையில் வேறு கட்டளை நுழைந்தால் பலகையில் எழுதியது அழிந்து போகலாம். ஜிசிசியின் பழைய உள்முறையில், ஒப்பிடும் கட்டளையும் அதைப் பயன்படுத்தும் கட்டளையும் அடுத்தடுத்தே இருக்கும் என்று எழுதாத ஒப்பந்தம் இருந்தது. அதன் பெயர் சிசி0. இதனால் தொகுப்பியின் மற்ற பகுதிகளைச் சீர்திருத்துவது கடினமாயிற்று. புதிய முறையும் இருந்தது. ஆனால் மோட்டரோலா 68000, வாக்ஸ், ஏவிஆர் உள்ளிட்ட சில செயலிகளின் பகுதிகள் பழைய முறையிலேயே எழுதப்பட்டிருந்தன.

2019இல் ஜிசிசி குழு முடிவு செய்தது: இனிப் பழைய முறைக்கு இடமில்லை; யாரும் மாற்றித் தராவிட்டால் இந்தச் செயலிகள் நீக்கப்படும். குழுவின் நிலையும் புரிந்துகொள்ளக் கூடியதே. விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் பயன்படுத்தும் செயலிகளுக்காக அனைவரும் பயன்படுத்தும் தொகுப்பியை எத்தனை காலம் கட்டிப்போடுவது?

ஆர்வலர்கள் கைகட்டி நிற்கவில்லை. பழைய அமிகா, அட்டாரி, மெக்கிண்டாஷ் இயந்திரங்களை வைத்திருப்போர் இணையத்தில் பணம் திரட்டினார்கள். பெர்ன்ட் ஷ்மிட் என்னும் தொகுப்பி வல்லுநர் 68000 பகுதியை மாற்றி எழுதினார். அது 2020இல் வந்த ஜிசிசி 10இல் சேர்ந்தது. வாக்ஸ் பகுதியை மாசியே ரோசிட்ஸ்கி மாற்றி எழுதி, நெட்பிஎஸ்டி இயங்கும் உண்மையான வாக்ஸ் இயந்திரத்திலேயே சோதித்தார்; அது 2021 ஏப்ரலில் வந்த ஜிசிசி 11இல் இடம்பெற்றது.

மூன்றாவது, ஏவிஆர் செயலி. பள்ளி மாணவர்கள் மின்னணுப் பயிற்சிக்கு வாங்கும் அர்டுயினோ ஊனோ பலகையின் இதயம் இந்தச் செயலிதான். அதன் பகுதியை மாற்றி எழுதியவர் செந்தில் குமார் செல்வராஜ். அது 2022இல் வந்த ஜிசிசி 12இல் சேர்ந்தது. அதே பதிப்போடு பழைய முறை முற்றாக நீக்கப்பட்டது. மாற்றித் தர ஆள் கிடைக்காத சிஆர்16 என்னும் செயலியும் அதனோடு போயிற்று. அதற்காகக் குரல் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

பாலத்தை மூடாமல் பழுதுபார்ப்பது எப்படி?

1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தை ஒரு வாரம் முழுவதுமாக மூடிவிட்டுச் செப்பனிடலாம் என்று யாராவது சொன்னால் ஜொகூர் பாருவில் எவரும் ஒப்ப மாட்டார்கள். ஒரு தடத்தைத் திறந்து வைத்துக்கொண்டே அடுத்த தடத்தில் வேலை செய்ய வேண்டும். நெட்பிஎஸ்டி தொகுப்பியை மாற்றும் முறையும் இதுவே.

முதலில் புதிய ஜிசிசியைக் கொண்டுவந்து கிடங்கில் வைக்கிறார்கள். பழையதை அழிப்பதில்லை, "பழைய" என்று பெயரிட்ட அடைவுக்கு நகர்த்துகிறார்கள். எந்தச் செயலிக்கு எந்தத் தொகுப்பி என்பதை ஒரு பட்டியல் முடிவு செய்கிறது. முதலில் பலரும் பயன்படுத்தும் செயலிகள் மாறும். அவற்றில் இயங்குதளம் முழுவதும் தொகுக்கப்பட்டு, துவங்கி, சோதனைகளில் தேறினால் அடுத்த செயலி. ஏதாவது ஒன்றில் பிழை வந்தால் அந்த ஒன்று மட்டும் பழைய தொகுப்பியிலேயே காத்திருக்கும், மற்றவை நிற்பதில்லை. எல்லாம் கடந்த பின்னரே பழைய அடைவு நீக்கப்படும்.

இந்த வேகத்தில்தான் 2018இல் வந்த நெட்பிஎஸ்டி 8 ஜிசிசி 5ஐயும், 2020இல் வந்த 9ஆம் பதிப்பு ஜிசிசி 7ஐயும், 2024 மார்ச்சில் வந்த 10ஆம் பதிப்பு ஜிசிசி 10ஐயும் கொண்டிருந்தன. ஜிசிசி குழு ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வெளியிடுகிறது. எனவே நெட்பிஎஸ்டி எப்போதும் சில படிகள் பின்னால்தான் இருக்கும். இதைச் சோம்பல் என்று கருதுவது தவறு. மற்றவர்கள் தட்டித் தடுமாறிக் கண்டுபிடித்த பிழைகள் திருத்தப்பட்ட பிறகு எடுத்துக்கொள்வது, ஐம்பது வகை இயந்திரங்களைச் சுமப்பவருக்கு ஏற்ற நிதானம்.

நமக்கு இதனால் என்ன?

2004இல் மம்பு அமைப்பு மலேசிய அரசுத் துறைகளுக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. அப்போது பெரிதாகப் பேசப்பட்டது உரிமக் கட்டணம் மிச்சமாகும் என்பதே. அது உண்மைதான். ஆனால் கட்டணம் இல்லை என்பதால் உழைப்பும் இல்லை என்றாகிவிடாது. தொகுப்பி மாறும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், எங்கோ ஓர் ஊரில், இரவு கண்விழித்துப் பிழை தேடுகிறார். அவருக்குச் சிலருடைய நிறுவனம் ஊதியம் தருகிறது. பலருக்கு யாரும் தருவதில்லை.

இன்று ஜொகூரின் கூலாய் வட்டாரத்துச் செடெனாக்கிலும், இஸ்கண்டார் புத்ரியிலும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. இத்தகைய மையங்களின் சேவையகங்களில் லினக்ஸின் பங்கு மிகப் பெரிது. உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. கட்டடம், மின்சாரம், குளிரூட்டல் ஆகியவற்றுக்கு ஆள் தேடும் அளவுக்கு, அந்த இயந்திரங்களின் அடித்தளத்தில் ஓடும் மென்பொருளைப் புரிந்தவர்களையும் தேட வேண்டிய காலம் இது.

தொகுப்பி பற்றிய அறிவு வானத்தில் இருப்பதல்ல. கற்க விரும்பும் மாணவர் என்ன செய்யலாம்?

ஒன்று, வீட்டில் ஒதுக்கி வைத்த பழைய கணினி இருந்தால் அதில் டெபியனையோ நெட்பிஎஸ்டியையோ நிறுவிப் பார்க்கலாம். முழு இயங்குதளத்தையும் மூலநிரலிலிருந்து ஒருமுறை தொகுத்துப் பார்ப்பது பல மணி நேர வேலை. ஆனால் பாடநூலில் கிடைக்காத பல செய்திகளை அது கற்றுத் தரும்.

இரண்டு, தாம் எழுதும் நிரலை ஒரே தொகுப்பியில் மட்டும் சோதிக்காமல், ஜிசிசி, கிளாங் இரண்டிலும் எச்சரிக்கைகளை எல்லாம் இயக்கிவிட்டுத் தொகுத்துப் பார்க்கலாம். ஒன்று கண்டும் காணாமல் விடுவதை மற்றது சுட்டிக்காட்டும். எச்சரிக்கையை இன்று திருத்தினால், பத்து ஆண்டு கழித்து வரும் தொகுப்பி அந்த நிரலை நிறுத்தி வைக்காது.

மூன்று, பிழை கண்டால் முறையாக எழுதி அனுப்பலாம். எந்தச் செயலி, எந்தப் பதிப்பு, எந்த நிரல், எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று தெளிவாகச் சொல்லும் ஒரு பக்க அறிக்கை, திறமையான நிரலாளர் ஒருவரின் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். இதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமை தேவை.

நிறுவனம் நடத்துவோருக்கும் இதில் பாடம் உண்டு. இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது தொகுப்பியையும், அதே வாரத்தில் தங்கள் சொந்த மென்பொருளையும் ஒருசேர மாற்றக் கூடாது. பிழை வந்தால் எது காரணம் என்று தெரியாமல் தவிக்க நேரும். பழையதை ஓரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். தாங்கள் நம்பியிருக்கும் இயந்திரம் எந்தச் செயலி, அதற்கான தொகுப்பியை இன்று யார் பராமரிக்கிறார்கள் என்பதைப் புதுப்பிக்கும் நாளுக்கு முன்பே விசாரித்து வைத்திருப்பது நல்லது. ஸ்பார்க்64 பயனாளர்களுக்கும் முன்னறிவிப்பு வந்தது. பவர்பிசி பயனாளர்களுக்கும் வந்தது. முன்கூட்டியே ஆள் அமர்த்தி உழைத்தவர்களின் இயந்திரம்தான் அடுத்த பதிப்பிலும் இடம்பெற்றது.

சிகூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மற்ற உயர்கல்விக் கூடங்களிலும் கணினி பயிலும் நம் பிள்ளைகள் பலர், கைப்பேசிச் செயலி எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். அது தேவையான தொழில்தான். அந்தச் செயலியைத் தாங்கி நிற்கும் அடித்தளத்தில் வேலை செய்வோர் குறைவு என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். 2019இல் வைத்த கெடுவுக்குள் ஏவிஆர் பகுதியை மாற்றித் தர ஒருவர் முன்வந்ததால்தான், மாணவர்கள் கையில் இருக்கும் அந்தச் சிறிய பலகைக்கு இன்றும் புதிய தொகுப்பி கிடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வரிசையில் அடுத்து நிற்க ஜொகூரிலிருந்தும் ஒருவர் புறப்படலாம். மூலநிரல் திறந்தே இருக்கிறது. படித்துப் பார்க்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.